பேச்சுத் தேர்வுக்கு நாற்பது மதிப்பெண்

பிப்ரவரி 3, திங்கள்

மறுபடியும் ஒரு சுற்றறிக்கை. ஒவ்வொரு பாடத்துக்கும் 'கற்றல் விளைவு' எழுதித் தர வேண்டுமாம். "இந்தப் பாடத்தை முடித்த மாணவர் என்ன செய்ய வல்லவர்?" என்று கேட்டு எதிரே ஒரு காலிக் கட்டம். என்ன செய்ய வல்லவர்? பாஸ் செய்ய வல்லவர்! இருபத்து மூன்று வருடமாக இந்தப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் சொல்லித் தருகிறேன். என் தாளில் ஒரு பிள்ளை தோற்றதில்லை. அதை அப்படியே எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்கிறான் பெனடிக்ட்.

எங்கள் துறையில் இரண்டே பேர். நான் தலைவி, பெனடிக்ட் என் படை. நாகர்கோவில் பையன், ஜெர்மனியில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவன். போன இடத்திலிருந்து ஒரு நல்ல ஸ்வெட்டரும் நிறைய யோசனைகளும் கொண்டுவந்திருக்கிறான். ஸ்வெட்டரைக் கோயம்புத்தூர் வெயிலில் போட முடியாது. யோசனைகளை என் தலையில் போடுகிறான்.

"மேடம், நம்ம பிள்ளைங்க ஆறு லெட்டர மனப்பாடம் பண்ணித் தொண்ணூறு வாங்குதாங்க. ஃபோன்ல ஒரு வார்த்தை பேசத் தெரியல. நாப்பது மார்க்க பேச்சுக்கு வைப்போம்."

"பேச்சுக்கு எப்படிப்பா மார்க் போடுவே? ஒருத்தன் திக்குவான், ஒருத்தி அழுவா. எழுதுனா தாள் இருக்கும், எண்ணிப் போடலாம்."

ஏட்டுச் சுரைக்காய் என்று அவன் வாய்வரைக்கும் வந்தது. என் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டான். மார்ச் கடைசியில் பாடத்திட்டக் குழு கூடுகிறது. அங்கே இதை எதிர்ப்பதாக இருக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஜெர்மனியிலிருந்து என் பெண் நிரு கூப்பிட்டாள். முழுகாமல் இருக்கிறாள், ஆறு மாதம் முடியப்போகிறது. "நல்லாயிருக்கேம்மா" என்றாள். படுத்துக்கொண்டே பேசுகிற குரல். பின்னால் என்னவோ பீப், பீப் என்று அடித்தபடி இருந்தது. என்ன சத்தம் என்றால், மைக்ரோவேவாம். மைக்ரோவேவ் கால் மணி நேரமாகவா அடிக்கும்?

மாப்பிள்ளை டோபியாஸுக்குக் கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளைப் பழுது பார்க்கிற வேலை. போனால் இரண்டு வாரம் கரைக்கு வரமாட்டார். அவளோடு இருப்பது மாமியார் ஹைட்ருன் மட்டும்தான். மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற கூத்தெல்லாம் அந்த ஊரில்தான் நடக்கும். எனக்கு மே மாதத்துக்குத்தான் டிக்கெட். அதற்கு முன்னால் விசா கிடைக்காது.

"பொண்ணு எதையோ மறைக்கறா" என்றேன் அவரிடம்.

என் வீட்டுக்காரர் குழந்தைவேலு மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். எதையும் நேர்க்கம்பியாகத்தான் பார்ப்பார். "சம்பந்தியம்மா பக்கத்துலயே இருக்குது. கூப்புட்டுக் கேளு. ஊருக்கே ஜெர்மன் சொல்லித் தர்றவ நீதான?"

கேட்கலாம்தான். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷ் ஒரு சொல் தெரியாது. அவர் படித்த காலத்தில், அந்தக் கிழக்கு ஜெர்மனியில், பள்ளியில் ரஷ்ய மொழிதான் சொல்லித் தந்தார்களாம். கல்யாணத்துக்கு இங்கே வந்திருந்தபோது பேசியிருக்கலாம். எனக்குத்தான் தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று நாளும் நிருவே நடுவில் நின்று பேச வேண்டியதாகிவிட்டது.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். மருதமலைக் கூட்டத்தில் போய் நசுங்க முடியாது என்று டிவியில் பார்த்துக் கும்பிட்டேன். சம்பந்திக்குப் பேசலாம் என்று போனை எடுத்தேன். நெட்வொர்க் சரியில்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்" என்றார் இவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே. மத்தியானம் அவருக்கு அப்பளம் பொரிக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

இன்று பேசிவிட்டேன்.

எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பது என் பழக்கம். நேற்றே உட்கார்ந்து ஒரு பக்கத்துக்கு எழுதி, இரண்டு முறை திருத்தி, சத்தமாகப் படித்துப் பார்த்திருந்தேன். மூன்றாம் செமஸ்டரில் சொல்லித் தருகிற கடித வடிவம்தான். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. இங்கே மத்தியானம் மூன்று மணி, அங்கே காலை வேளை. வீட்டு லேண்ட்லைனிலிருந்து போட்டேன். அந்தம்மா எடுத்து "ஹலோ" என்றார். நான் ஆரம்பித்தேன். "கோயம்புத்தூர், பிப்ரவரி பதினைந்து. பெருமதிப்பிற்குரிய அம்மையீர், தங்கள் நலனையும் தங்கள் இல்லத்தாரின் நலனையும் அறிய விழைகிறேன்..." நிறுத்தாமல், பிழையில்லாமல் இரண்டாவது பத்திவரைக்கும் போய்விட்டேன்.

"வேண்டாம், நன்றி" என்று குறுக்கே ஒரு குரல் கேட்டது. லைன் கட்டாகிவிட்டது. ஜெர்மனியில் டெலிபோன் சேவை அவ்வளவு நன்றாக இல்லைபோல.

பிப்ரவரி 16, ஞாயிறு

நிரு ஸ்பீக்கரில் பேசினாள். வெகுநாளைக்கு அப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஹைட்ருனுக்கு நேத்து ஒரு மெஷின் கால் பண்ணுச்சாம்மா. ஏதோ வெளிநாட்டு நம்பராம். ஊரு, தேதியெல்லாம் சொல்லி ஆரம்பிச்சுச்சாம். இன்ஷூரன்ஸ் விக்கறவங்களாத்தான் இருக்கும்னாங்க. மெஷின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னேன். தப்பே இல்லாமப் பேசுச்சாம்மா, மனுசங்க அப்படிப் பேச மாட்டாங்களாம்."

நானும் சிரித்தேன். இவரும் சிரித்தார், என்னைப் பார்த்துக்கொண்டே.

பிப்ரவரி 25, செவ்வாய்

பெனடிக்ட் பேச்சுத் தேர்வை நடத்திக் காட்டுகிறேன் என்றான். நடத்து, நானும் உட்காருகிறேன் என்றேன். எங்கே சறுக்குகிறான் என்று பார்க்கத்தான் போனேன்.

பிள்ளையை ஓர் அறையில் போனோடு விட்டுவிட்டு இவன் அடுத்த அறையிலிருந்து பேசுகிறான். இவன்தான் வீட்டுக்கார அம்மாளாம், கோபக்காரியாம். பிள்ளை சாவியைத் தொலைத்துவிட்டது. வீட்டுக்கார அம்மாளைச் சமாதானப்படுத்திக் கதவைத் திறக்க வைக்க வேண்டும். அவ்வளவுதான் கேள்வி.

சம்யுக்தா என் மாணவிகளில் முதல். போன செமஸ்டரில் தொண்ணூற்றாறு. போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் இவன் "யார் பேசறது? யாருங்க?" என்று ஜெர்மனில் கேட்டபடி இருக்கிறான். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

அடுத்து லோகேஷ்வரன். மற்ற பாடங்களில் மூன்று முறை அரியர் வைத்து, என் தாளில் மட்டும் நான் கைதூக்கிவிட்ட பையன். அவனுக்குச் சாவி என்ற சொல்லே தெரியவில்லை. "கதவு... மூடி. நான்... வெளியே. குளிர். ரொம்பக் குளிர். அம்மா, தயவு!" என்கிறான். இவன் ஏதோ திட்டினால், "புரியல, மறுபடி சொல்லுங்க" என்கிறான். மறுபடி திட்டினால் மறுபடி கேட்கிறான். கடைசியில் வீட்டுக்கார அம்மாளே சிரித்துவிட்டாள்.

பெனடிக்ட் அவனுக்கு நாற்பதுக்கு முப்பத்து மூன்று போட்டிருந்தான்.

"முப்பத்து மூணா? ஒரு வாக்கியம் உருப்படியா இல்ல!"

"கதவு தெறந்தாச்சுல்லா மேடம்?"

"புரியலன்னு சொன்னதுக்கெல்லாம் மார்க் போட்டிருக்கே."

"ஆமா மேடம். புரியாத நேரத்துல கேக்கறதுக்கு அஞ்சு மார்க். அதுதான் கஷ்டம்."

கொடுமையே என்று எழுந்து வந்துவிட்டேன். சம்யுக்தாவை என் அறைக்குக் கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தேன். "எனக்கு எல்லாம் தெரியும் மேடம். வாய்தான் வரல" என்று தேம்பினாள். அவள் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உப்புப் போட மறந்திருக்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

பெனடிக்டிடம் ஒரு சந்தேகம் கேட்டேன். எனக்காக இல்லை. ஒரு மாணவிக்காக.

"ஒரு பொண்ணு. ஜெர்மன் நல்லா எழுதுவா. அங்க இருக்கற ஒரு பெரியம்மாகிட்ட ஃபோன்ல பேசணும். சொந்தக்காரங்க. முதல் வார்த்தை என்னன்னு ஆரம்பிக்கறது?"

கையிலிருந்த விடைத்தாளை வைத்துவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தான். சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை. "பேரச் சொல்லட்டும் மேடம். இன்னாரோட இன்னாருன்னு சொல்லட்டும். அவ்வளவுதான். மிச்சத்த அந்தம்மா பாத்துக்கிடுவாங்க."

"தப்பு வந்தா?"

"வரும். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியுமா?"

"அவங்களுக்கு எப்படித் தெரியும்!"

"அப்ப அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. ரெண்டு பேர்ல, கொஞ்சமாவது ரெண்டு பாஷை தெரிஞ்சது அவ ஒருத்திதான். பயம் எதுக்கு?"

வகுப்பு முடிந்தபின் கால் மணி நேரம் அந்த மாணவிக்குப் பதிலாக நான் பேச, இவன் பெரியம்மாவாக நடித்தான். நாளைக்கும் வரச் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

தாளில்லாமல் பேசினேன். "நான் அம்சவேணி. நிருவோட அம்மா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். பிறகு அந்தம்மா பெரிதாக ஒரு மூச்சு விட்டு, "அப்பாடா, ஒரு வழியா!" என்றார். அந்தச் சொல் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் தொண்டை நிஜமாகவே அடைத்துக்கொண்டது. ஐந்து நிமிடம் பேசியிருப்போம். நிரு எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, நன்றாக இருக்கிறாள் என்று பேச்சை மாற்றிவிட்டார். இவர் பக்கத்தில் நின்றுகொண்டு ஜெயித்துவிட்டோம் என்கிற மாதிரி கட்டை விரலைக் காட்டிக்கொண்டிருந்தார். போங்கள் அந்தப் பக்கம் என்று விரட்டினேன்.

மார்ச் 14, வெள்ளி

கேஸ் தீர்ந்தது. விடைத்தாள் கட்டு வந்தது. நிரு: "நல்லாயிருக்கேம்மா."

மார்ச் 23, ஞாயிறு

இப்போது ஞாயிறுதோறும் சம்பந்தியோடு பேச்சு. இன்று அவரே கூப்பிட்டார். வெகுநேரம் பேசினார். அந்த வட்டாரத்துப் பேச்சு வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குதப்புகிற மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரி என்றார், டாக்டர் என்றார், வியாழன் என்றார். செக்கப்பாக இருக்கும். நான் "யா, யா" சொல்லிக்கொண்டே வந்தேன். பெரியவர் பேசும்போது குறுக்கே நிறுத்தி என்ன, என்ன என்று கேட்பது மரியாதையா? கடைசியில் என்னவோ ஒரு கேள்வி கேட்டார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. "யா, நல்லது" என்றேன். "நீங்கள் தைரியசாலி" என்றார். அது புரிந்தது. ஏன் சொன்னார் என்றுதான் தெரியவில்லை.

எல்லாம் புரிந்ததா என்று இவர் கேட்டார். முக்கால்வாசி என்றேன்.

மார்ச் 27, வியாழன்

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. எழுதிவிடுகிறேன்.

இரண்டு மணிக்குப் பாடத்திட்டக் குழு. பெரிய மேசை, முந்திரி பிஸ்கட், ஏசி. பெனடிக்ட் தன் பேச்சுத் தேர்வை விளக்கிக்கொண்டிருந்தான். அவனை எதிர்ப்பதா, சும்மா இருந்துவிடுவதா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. மேசைக்கடியில் போன் அதிர்ந்தது. மாப்பிள்ளையிடமிருந்து இங்கிலீஷில் ஒரு செய்தி.

'கடலில் புயல். ஹெலிகாப்டர் வரவில்லை. இன்று ஆபரேஷன் நேரத்தில் அங்கே இருக்க முடியாமல் தவிக்கிறேன். உங்களுக்கு எல்லாம் விளக்கிச் சொல்லியாகிவிட்டது, முடிந்தபின் கூப்பிட்டால் போதும் என்று நீங்களே சொன்னீர்கள் என்றார் அம்மா. இவ்வளவு அமைதியாக இருப்பதற்கு நன்றி.'

என்ன ஆபரேஷன்? யாருக்கு? அட சாமி, நான் எப்போது சொன்னேன்? 'யா' சொன்னேன். எல்லாவற்றுக்கும் 'யா' சொன்னேன்.

நாற்காலி கீழே விழுந்தது தெரியும். யாரோ "மேடம்" என்றார்கள். வராந்தாவுக்கு ஓடி ஹைட்ருனுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். எடுத்ததும் கூழாங்கல் மழையாகக் கொட்டியது. ஒன்றும் பிடிபடவில்லை. என் பெண் அங்கே உள்ளே கிடக்கிறாள், எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"நிறுத்துங்கள்!" என்று கத்தினேன். "எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் புரியவில்லை. நான் யா சொன்னேன், ஆனால் புரியவில்லை. மெதுவாக. தயவுசெய்து. மறுபடி."

கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். பிறகு அந்தம்மா குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி ஒவ்வொரு வாய்க்கும் காத்திருந்து சொன்னார்.

"நிரு உள்ளே. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது. ரத்தம் போகிறது. ரெண்டு மாதமாகப் போகிறது. உங்களிடம் சொல்லாதே என்றாள். இன்று குழந்தையை வெளியே எடுக்கிறார்கள். குழந்தை சின்னது. டாக்டர் நல்லவர். நான் வெளியே நாற்காலியில் இருக்கிறேன்."

பிறகு அவரே சொன்னார். "எனக்குப் பயமாக இருக்கிறது."

"எனக்கும்" என்றேன்.

"வைத்துவிடட்டுமா?"

"வேண்டாம். வைக்காதீர்கள்."

வைக்கவில்லை. இரண்டு பேரும் காத்திருந்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால் என்னத்தைச் சொல்ல! அந்த வராந்தா பச்சை பெயின்ட், பார்த்தாலே வயிற்றைப் புரட்டுகிறது என்றார். எங்கள் வராந்தாவில் ஒரு பூனை பரீட்சைத் தாள் கட்டின்மேல் தூங்குகிறது என்றேன். நிரு பிடிவாதக்காரி என்றார். ஐந்து வயதில் பீர்க்கங்காய் வேண்டாமென்று ஒரு நாள் முழுக்கக் கட்டிலுக்கடியில் கிடந்தாள் என்றேன். பீர்க்கங்காய்க்கு ஜெர்மனில் என்ன சொல்வதென்று தெரியாமல், நீளமாக, பச்சையாக, மேலெல்லாம் வரப்பு வரப்பாக என்று கையால் காட்டினேன், போனில்! அந்தம்மாவுக்குச் சிரிப்பு. டோபியாஸும் அப்படித்தானாம், முட்டைக்கோசுக்கு. என் வினைச்சொற்கள் எங்கே போய் நின்றனவோ, பால் மாறிப்போயிற்றோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் மாணவர்கள் எழுதியிருந்தால் சிவப்பு மையில் குளிப்பாட்டியிருப்பேன்.

நடுவில் பெனடிக்ட் கதவைத் திறந்து தலையை நீட்டினான். என் முகத்தைப் பார்த்ததும் மேலே பேசாமல் கதவை அகலத் திறந்துவிட்டு நின்றான். உள்ளேயிருந்து குழுத் தலைவர், "அம்சவேணி மேடம், பேச்சுத் தேர்வு, நாப்பது மார்க். உங்க கருத்து என்னங்க?" என்றார்.

ஒரு கையால் போனைக் காதில் அழுத்திக்கொண்டு மற்ற கையை உயரத் தூக்கினேன்.

"ஆதரவா, எதிர்ப்பா மேடம்?"

"ஆதரவு!" என்று தமிழில் கத்தினேன். "என்னாச்சு?" என்று ஹைட்ருன் பதறினார். ஒன்றுமில்லை, ஒரு சின்ன வேலை என்றேன். பெனடிக்ட் போய் ஒரு நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தான். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு உள்ளே போனான்.

பிறகு அந்தப் பக்கம் கதவு சத்தம். யாரோ வேகமாக வருகிற சத்தம். ஹைட்ருன் விசும்பத் தொடங்கினார். நான் விடவில்லை.

"சொல்லுங்கள். அழுதபடியே சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்."

"பெண்" என்றார். "சின்னது. அழுகிறது. கேட்கிறது, இங்கே வரைக்கும் கேட்கிறது! நிரு... நிருவும் சரி. தைக்கிறார்கள். நீங்கள் பாட்டி. நானும்."

வராந்தாத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் நாற்காலி சும்மா கிடந்தது. வீட்டில் இவருக்கு லேண்ட்லைனில் சொல்லச் சொல்லி, மறுபடி எட்டிப் பார்த்த பெனடிக்டை ஓடவிட்டேன். நான் போனை வைக்க மாட்டேன் என்றேன். சார்ஜரை அவன்தான் எங்கிருந்தோ பிடுங்கிக்கொண்டு வந்தான்.

வெயில் இறங்குகிற நேரம். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூக்கில் குழாய், ஆனால் நன்றாக உதைக்கிறது என்று ஹைட்ருன் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று "இருங்கள், இருங்கள்" என்றார். போன் கை மாறுகிற சரசரப்பு. யாரோ மூச்சு விடுகிறார்கள்.

"அம்மா."

நான் பேசினேன். கண்ணு, ரொம்ப வலிக்கிறதா, யாரையாவது மருந்து கொடுக்கச் சொல்லட்டுமா, அசையாதே, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று மூச்சு விடாமல் பேசினேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. உடனே ஒரு முனகல்.

"சிரிக்க வைக்காதம்மா, தையல் இழுக்குது" என்றாள். "அம்மா, நீ ஜெர்மன்ல பேசிட்டிருக்க."

எனக்குத் தெரியவே இல்லை.

"தமிழ்ல கேளும்மா."

"வலிக்குதா கண்ணு?" என்று கேட்டேன்.

நல்லாயிருக்கேன் என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ரொம்ப வலிக்குதும்மா" என்றாள்.